கிரியான் ஆற்று இறாலும் நாலு நாட்டு விஞ்ஞானிகளும்

நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: "மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். மீன்வள அறிவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். விசாரித்துப் பார்த்தால் அந்தத் துறையில் எதைத் தொட்டாலும் நார்வே, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்று வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்துதான் வேலையாம். நம் ஆற்று மீனையும் கடல் மீனையும் ஆராய அவர்கள் எதற்கு? வந்து விவரத்தை வாரிக்கொண்டு போய்விடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். இதில் நம் பிள்ளைக்கு என்ன இடம்?"

தங்கச்சி, நானும் அதே ஊர்தான். அப்பா பால்வெட்டு, பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குலை வெட்டப் போனார். நான் முப்பது வருடத்துக்கு மேல் மீன் ஆராய்ச்சியில் களப்பணி உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். பெரிய பட்டம் ஒன்றும் இல்லை. மீனை அளந்தேன், எடை போட்டேன், மீன் தலைக்குள் இருக்கும் காதுக்கல் என்ற சின்னக் கல்லை எடுத்தேன், வெளிநாட்டுக் குழுக்களோடு படகில் போனேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நம் ஆற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம். கிரியான் ஆற்று ஊடாங் காலாவை, அதாவது பெரிய ஆற்று இறாலை, தெரியாதவர் நம் ஊரில் உண்டா? பக்கத்துக் கிராமத்துக்குப் பெயரே சுங்கை ஊடாங், இறால் ஆறு. சம்பளம் போட்ட வாரத்தில் அப்பா மண்புழு கோத்த தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போவார். நீலக் கொடுக்கு வைத்த பெரிய ஆண் இறால் கிடைத்தால் அது விற்கத்தான். வீட்டுக்கு வருவது சின்னதுகள். சில நாள் முட்டை இறால் மாட்டும். வயிற்றுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஆயிரக்கணக்கான முட்டைகளைக் கொத்தாகச் சுமந்துகொண்டிருக்கும். பொரியும் நாள் நெருங்க நெருங்க அந்த ஆரஞ்சு மாறிச் சாம்பல் நிறமாகிவிடும். அப்படிச் சாம்பல் நிறமானது மேல் ஆற்றில் அதிகம் கிடைக்காது, கழிமுகத்துப் பக்கம் போய்விடும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஏன் போகிறது என்று அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஷாவ்-வென் லிங் என்ற சீன விஞ்ஞானி. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் நிபுணராகப் பினாங்குக்கு வந்தவர். 1960களின் தொடக்கத்தில் குளுகோரில் இருந்த மீன் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த இறாலைத் தொட்டியில் பொரிக்க வைத்தார். குஞ்சு பொரிக்கும், சில நாளில் செத்துப்போகும். ஆற்று இறால்தானே என்று எல்லாரும் நல்ல தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார்கள். குஞ்சுக்கு உப்பு வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர் லிங். ஆயிரம் பங்கு தண்ணீருக்கு ஏறக்குறைய 12 பங்கு உப்பு, அதாவது கடல் நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு. கழிமுகத்தில் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் இருப்பது அதே உப்புதான். முட்டை இறால் கீழே இறங்கிப் போன காரணம் அது.

குஞ்சைத் தொட்டியில் பக்கத்தில் நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கண்ணாடித் துணுக்கு மாதிரி ஒரு பொட்டு. தலைகீழாக, வயிறு மேலே பார்க்க, வால் பக்கம் முன்னே போக நீந்தும். இப்படி 11 பருவங்களைக் கடந்த பிறகு ஒருநாள் நிமிர்ந்துவிடும். பெரிய இறால் போலவே காலூன்றித் தரையில் நடக்க ஆரம்பிக்கும். அதன் பிறகு அதற்கு உப்பு தேவையில்லை, ஆற்றை எதிர்த்து மேலே ஏறி வந்துவிடும். முதல் தடவை அந்தக் குஞ்சைப் பார்த்த அன்று அப்பாவிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை. பிறகு நேரில் அழைத்துப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதை குளுகோரோடு நிற்கவில்லை. 1965இல் மலேசியாவிலிருந்து கொஞ்சம் இறாலை ஹவாய்க்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாக்குஜி ஃபுஜிமுரா என்பவர், லிங் கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டு, குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் வளர்த்தெடுக்கும் முறையைச் சில வருடங்களில் உருவாக்கினார். பண்ணைக்குக் கட்டுப்படியாகும்படி குஞ்சு உற்பத்தி செய்ய முடிந்தது அதன் பிறகுதான். ஹவாயிலிருந்து அந்த இறால் வம்சம் இன்னும் பல நாடுகளுக்குப் போனது. இன்று சீனா, இந்தியா, வங்கதேசம், தாய்லாந்து எல்லாம் இதைப் பண்ணையில் வளர்க்கின்றன. சீனத்து விஞ்ஞானியின் கேள்வி, ஐ.நா. சம்பளம், பினாங்குத் தொட்டி, மலேசிய ஆற்று இறால், ஹவாயின் முறை. இதில் எது இல்லாமல் போயிருந்தாலும் காரியம் பல வருடம் தள்ளிப் போயிருக்கும். நம் ஆற்று இறாலைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர்கள் எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு நான் முதலில் சொல்லும் பதில் இது.

திலாப்பியாவும் இப்படித்தான். ஆப்பிரிக்க மீன். ஜப்பான்காரன் காலத்தில் ஜாவாவிலிருந்து இங்கே வந்ததால் நம் பெரியவர்கள் அதை ஜப்பான் மீன் என்றே சொல்வார்கள். மண் வாசனை அடிக்கிறது என்று பாட்டி தொடவே மாட்டார். குளத்தில் விட்டால் கண்டபடி குஞ்சு போட்டு, எல்லாம் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். 1960 வாக்கில் மலாக்கா பத்து பெரண்டாமில் இருந்த நிலையத்தில் ஹிக்லிங் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஜான்சிபார் திலாப்பியா ஆணையும் இந்த ஜாவா வகைப் பெண்ணையும் சேர்த்தபோது பிறந்தது அத்தனையும் ஆண். ஆண் மட்டும் இருந்தால் குஞ்சு கிடையாது, வளர்ச்சி முழுக்கச் சதையில் போகும். உலகமே அதைக் கவனித்தது.

அடுத்த பெரிய அடி 1988இல். எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய 4 நாட்டு ஆறு ஏரிகளிலிருந்து நைல் திலாப்பியாவைச் சேகரித்துப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். ஆசியப் பண்ணைகளில் ஏற்கனவே இருந்த வகைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நார்வேக்காரர்கள் சாலமன் மீனுக்குச் செய்துவந்த குடும்பவாரித் தேர்வு முறையைத் திலாப்பியாவுக்குப் போட்டார்கள். எந்தத் தாய் தகப்பனின் பிள்ளைகள் நன்றாக வளர்கின்றன என்று குடும்பம் குடும்பமாகக் கணக்கு வைத்து, அடுத்த தலைமுறைக்கு அவற்றையே பெற்றோராக எடுப்பது. நெல்லுக்கும் மாட்டுக்கும் செய்ததை ஆசியக் குளத்து மீனுக்கு ஒழுங்காகச் செய்தது அப்போதுதான். 'கிஃப்ட்' திலாப்பியா என்று சொல்வார்களே, அது இது. அதன் மூல வம்சத்தை 2000ஐ ஒட்டி மலேசியாவுக்குக் கொண்டுவந்து கெடா ஜித்ராவில் மீன் இலாகாவோடு சேர்ந்து வைத்துத் தொடர்ந்தார்கள். அதை நடத்திய நிறுவனம்தான் வேர்ல்டுஃபிஷ். மணிலாவில் இருந்த அதன் தலைமையகம் 2000இல் பினாங்குக்கு மாறியது. நீங்கள் பத்து காவானில் பாலம் ஏறினால் மறுகரை பத்து மவுங். அங்கேதான் இருக்கிறது, வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. குளுகோரில் இருந்த மீன் ஆராய்ச்சி நிலையமும் இப்போது பத்து மவுங்கில்தான். மகளை ஒரு தடவை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சரி, கடலுக்கு வருகிறேன். நான் அதிக காலம் உழைத்தது இங்கேதான். சேர்ந்து செய்வது என்றால் உண்மையில் என்ன வேலை என்று நான் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

மரத்தை வெட்டினால் வளையம் தெரிகிற மாதிரி, குளிர் நாட்டு மீனின் காதுக்கல்லில் வருடத்துக்கு ஒரு வளையம் தெரியும். குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று, வெயில் வந்ததும் தொடர்வதால் விழும் கோடு அது. நம் கடலில் குளிர்காலம் ஏது? கெம்போங் மீனின் காதுக்கல்லை எடுத்து வைத்தால் வருட வளையம் தெளிவாக இருக்காது. நாள் வளையம் உண்டு. 1971இல் பனெல்லா என்பவர் அதைக் கண்டுபிடித்து எழுதினார். ஆனால் கல்லைப் பிசின் வைத்து ஒட்டி, மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு கல்லுக்கே பாதி நாள் போன அனுபவம் எனக்கு உண்டு. ஆயிரம் மீனுக்கு எப்படிச் செய்வது?

அதனால் வெப்ப நாட்டு மீனுக்கு வேறு வழி தேடினார்கள். மாதா மாதம் மீன் இறங்கும் துறையில் நூற்றுக்கணக்கான மீனை நீளம் அளப்பது. எந்த நீளத்தில் எத்தனை என்று வரைந்தால் மேடு மேடாக வரும். ஒரு மேடு என்பது ஒரே சமயத்தில் பிறந்த கூட்டம். அடுத்த மாதம் அந்த மேடு கொஞ்சம் வலப் பக்கம் நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்கிறது என்பதிலிருந்து வளரும் வேகத்தையும், மேடு எப்படிக் கரைகிறது என்பதிலிருந்து எவ்வளவு பிடிபட்டுச் சாகிறது என்பதையும் கணக்குப் போடலாம். இந்தக் கணக்கைக் கணினியில் செய்யும் எலிஃபான் என்ற முறையை 1980களின் தொடக்கத்தில் மணிலாவிலிருந்து கொடுத்தவர் டேனியல் பாலி. அதற்கு முன்பு இந்தோனேசியாவில் இழுவலைப் படகில் போய் வேலை செய்தவர், அதனால் நம் கடலின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த முறைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பலகை, ஒரு பென்சில், பொறுமை. ஆசியா, ஆப்பிரிக்காவில் எத்தனையோ ஏழைத் துறைமுகங்களில் இதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் அளவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கூட்டுத் திட்டத்தில் இரண்டு துறைகளில் கெம்போங் அளந்தோம். ஒன்றில் நான், இன்னொன்றில் வேறொரு குழு. மூன்று மாதம் கழித்துப் படங்களை ஒன்றாக வைத்தால் அங்கே உள்ள மீன் எல்லாம் எங்கள் மீனைவிடப் பெரிது. ஒரே மாதம், ஒரே கடல், ஒரே வலை. வெளியிலிருந்து வந்த பெரியவர்கள் அதற்கு விளக்கம்கூடத் தேட ஆரம்பித்துவிட்டார்கள், அங்கே தீனி அதிகமோ என்று. எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் பிடித்துப் போய் அந்தத் துறையில் ஓரமாக நின்று பார்த்தேன். கெம்போங்கின் வால் பிளந்திருக்கும், தெரியும்தானே? நான் மூக்கிலிருந்து வாலின் பிளவு வரை அளந்தேன். அவர்கள் வால் நுனி வரை. 20 சென்டிமீட்டர் மீனில் அது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் வித்தியாசம். கெம்போங்குக்கு ஒன்றிரண்டு மாத வளர்ச்சி அது. இரண்டு பேர் செய்ததும் தப்பில்லை, இரண்டு முறையும் உலகத்தில் உண்டு. எதை அளப்பது என்று முதல் நாள் உட்கார்ந்து பேசாததுதான் தப்பு. மூன்று மாத வேலையைத் திருத்தி எழுத ஒரு வாரம் ராத்திரி கண் விழித்தோம்.

அதற்கு மேல் இன்னொரு சிக்கல். பசாரில் கெம்போங் என்று ஒரே பெயரில் விற்றாலும் அது ஒரே மீன் இல்லை. ஒன்று உடம்பு நீண்டு, பக்கத் துடுப்பின் அருகில் கறுப்புப் பொட்டு இருக்கும். இன்னொன்று உடம்பு உயர்ந்து, குட்டையாக இருக்கும். இரண்டின் வளர்ச்சியும் வேறு. கூடையில் கலந்து கிடப்பதைப் பிரிக்காமல் அளந்தால் மேடும் கலந்துவிடும், கணக்கும் போச்சு.

இப்போது யோசித்துப் பாருங்கள். மலாக்கா நீரிணையில் நாம் பிடிக்கிறோம், வடக்கே தாய்லாந்தின் சத்துனில் பிடிக்கிறார்கள், எதிர்க்கரையில் இந்தோனேசியாவின் பெலாவானில் பிடிக்கிறார்கள். கோலா குராவ் துறையில் நான் வரையும் மேட்டையும் அவர்கள் வரையும் மேட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் இது ஒரே கூட்டமா, வேறு வேறா என்று கேட்கவே முடியும். ஒரே கூட்டம் என்றால் ஒரு நாடு மட்டும் படகைக் குறைத்துப் பயனில்லை. தென்கிழக்கு ஆசிய மீன்வள மேம்பாட்டு மையத்தை 1967இல் ஆரம்பித்ததும், அதன் கடல் வளப் பிரிவு ஒன்றை 1992இல் கோலா திரெங்கானுவில் வைத்ததும் இப்படிப்பட்ட வேலைக்குத்தான். ஜப்பான் பண உதவியோடு கெம்போங் போன்ற சின்ன மீன்களுக்கு அடையாளச் சீட்டு குத்திக் கடலில் விட்டு, எங்கே பிடிபடுகிறது என்று பார்த்ததும் உண்டு. பிறகு வங்காள விரிகுடாவைச் சுற்றி இந்தியா, இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம், மியன்மார், தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா என 8 நாடுகள் சேர்ந்து 2009 முதல் சில வருடம் ஒரு திட்டம் நடத்தின. அதிலும் கெம்போங் முக்கியமான மீன்.

உங்கள் அடுத்த கேள்வி, வாரிக்கொண்டு போகிறார்கள் என்பது. அது பொய்யில்லை தங்கச்சி. நானே பார்த்திருக்கிறேன். ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள், மரியாதையாகப் பேசினார்கள். மீனவர்கள் தூங்காமல் அவர்களுக்காக மீன் ஒதுக்கி வைத்தார்கள். மீன்களின் துடுப்புத் துண்டுகளை ஆல்கஹால் குப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதோடு சரி. அறிக்கை வந்ததா, என்ன கண்டார்கள், ஒன்றும் எங்களுக்கு வரவில்லை. துறையில் ஒரு சீனப் பெரியவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நம்ம மீன் என்ன ஆச்சு?" என்று கேட்பார். இரண்டு வருடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவரிடம் மீன் கேட்டது நான்.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உயிரியல் வளத்தை எடுத்துப் பயன்படுத்தினால் பலனைப் பகிர வேண்டும் என்று நகோயா ஒப்பந்தம் 2010இல் வந்தது. மலேசியா அதற்காக 2017இல் தனிச் சட்டமே போட்டது, 795ஆம் சட்டம். 2020 கடைசியில் அமலுக்கு வந்தது. அனுமதி இல்லாமல் துடுப்புத் துண்டை எடுத்துப் போக முடியாது. ஆனால் சட்டம் குப்பியைப் பார்க்கும், துறையில் நிற்கும் மனிதரைப் பார்க்காது. அதனால் உங்கள் மகள் எந்தக் கூட்டு வேலையில் சேர்ந்தாலும் முதல் கூட்டத்திலேயே மூன்று விஷயம் கேட்கட்டும். மாதிரியின் பாதி இங்கே இருக்குமா? கட்டுரையில் யார் யார் பெயர் வரும்? முடிவை மீனவருக்கு மலாயில் யார், எப்போது சொல்வார்கள்? கேட்டால் கோபிக்கிற குழுவோடு சேர வேண்டாம். நான் பார்த்தவரை நல்ல விஞ்ஞானிகள் யாரும் கோபித்ததில்லை. யாரும் கேட்காததால் மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இதில் நம் பிள்ளைக்கு என்ன இடம் என்று கேட்டீர்கள். சகுந்தலா தில்ஸ்டெட் என்ற அம்மாவைப் பற்றி அவளிடம் சொல்லுங்கள். டிரினிடாட் தீவில், கரும்புத் தோட்டத்துக்குக் கூட்டிப்போன இந்தியர்களின் வம்சத்தில் பிறந்தவர். நம் நிபோங் திபாலும் முதலில் கரும்புத் தோட்டம்தானே, நம் முன்னோர் வந்ததும் அதற்குத்தானே. அந்த அம்மா டென்மார்க்கில் படித்து, வங்கதேசத்தில் பிள்ளைகளின் சத்துக்குறைவைப் பார்த்து, யாரும் மதிக்காத மோலா என்ற விரல் நீளச் சின்ன மீனை ஆராய்ந்தார். பெரிய மீனின் சதையில் இல்லாத அளவுக்கு வைட்டமின் ஏ அந்தச் சின்ன மீனின் கண்ணிலும் குடலிலும் இருக்கிறது. முழுசாகத் தின்றால்தான் கிடைக்கும். குளத்தில் கெண்டையோடு சேர்த்து மோலாவையும் வளர்க்கலாம், ஒன்றுக்கொன்று தொந்தரவு இல்லை என்றும் காட்டினார். 2021இல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் வேலை பார்த்தது அதே பத்து மவுங் நிறுவனத்துக்கு. சின்ன மீனைத் தலையோடு குழம்பு வைத்துச் சாப்பிட்டு வளர்ந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றுவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொன்று சொல்ல ஆசை. பொட்டு வைத்த கெம்போங்குக்கு அறிவியல் பெயர் ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா. அந்தக் கனகுர்த்தா லத்தீன் இல்லை. விசாகப்பட்டினத்து மீனவர் சொன்ன பெயரை 1803இல் ரஸல் என்பவர் தன் நூலில் எழுதிவைத்தார், 1816இல் பிரான்ஸின் குவியே அதையே அறிவியல் பெயராக்கினார். நம் கானாங்கெளுத்தியும் அதே மீன்தான். ஃபிஷ்பேஸ் என்ற இணையக் களஞ்சியத்தில் 35,000க்கு மேற்பட்ட மீன் வகைகள் இருக்கின்றன, பல மொழிப் பெயர்களோடு. தமிழ்ப் பெயர்களும் உண்டு. மகளை அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

படிப்புக்குத் திரெங்கானு பல்கலைக்கழகம், புத்ரா, சபா பல்கலைக்கழகங்கள் எல்லாம் நல்லவை. பினாங்கில் சயின்ஸ் பல்கலைக்கழகத்துக்குத் தெலுக் பஹாங்கில் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. மீனைப் பிடிக்கத் தெரிவதைவிடப் புள்ளியியல் தெரிவது முக்கியம். எலிஃபான் கணக்கு இப்போது ஆர் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது, பழைய மடிக்கணினியே போதும். பல்கலைக்கழகம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என்னிடம் பழைய அளவுப் பலகை ஒன்று இருக்கிறது, மரம்தான், உப்பில் ஊறிக் கறுத்துவிட்டது. அவளுக்குத் தருகிறேன். ஒரு சனிக்கிழமை விடியற்காலை கோலா குராவ் துறைக்கு வரட்டும். மீனவரிடம் கேட்டுக்கொண்டு நூறு கெம்போங் அளக்கட்டும். முதலில் பொட்டு வைத்ததையும் குட்டையானதையும் பிரிக்க வேண்டும். வாயை மூடி, மூக்கைப் பலகையின் பூஜ்ஜிய முனையில் ஒட்டி வைக்க வேண்டும். வால் பிளவு வரை அளந்து மில்லிமீட்டரில் எழுத வேண்டும். தாளின் மேலே தேதி, துறை, வலை, அப்புறம் எது வரை அளந்தாள் என்பதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.